கிளட்ச் பிளேட் மாற்றப் போன அம்பாசிடர்: வேலை ஏன் வளர்கிறது, எங்கே நிறுத்துவது?

கேள்வி இதுதான். அப்பா வைத்திருந்த 1986ஆம் ஆண்டு மார்க் 4 அம்பாசிடர், பெட்ரோல் வண்டி. முதல் கியரில் கிளம்பும்போது வண்டி முழுவதும் உதறியது. கிளட்ச் பிளேட் மாற்றினால் சரியாகிவிடும் என்று பட்டறையில் விட்டிருக்கிறீர்கள். கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்த மெக்கானிக், கிளட்ச் முழுக்க ஆயில் இருக்கிறது, என்ஜினையும் இறக்க வேண்டும் என்கிறார். பிறகு பிரேக் பைப், ஓட்டுநர் காலடியில் உள்ள தரைத் தகரம் என்று பட்டியல் நீண்டுவிட்டது. நண்பர் ஒருவர், இவ்வளவு செலவழிப்பதற்குப் பதில் இசுஸு என்ஜினே போட்டுவிடலாம் என்கிறார். மெக்கானிக் ஏமாற்றுகிறாரா, பழைய வண்டி என்றாலே இப்படித்தானா, எங்கே நிறுத்துவது என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் எழுதியிருக்கும் வரிசை, நேர்மையான ஒரு மெக்கானிக் சொல்லக்கூடிய வரிசைதான். அதைக் கேட்டதுமே சந்தேகப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பவை எல்லாம் ஒரே காரணத்தால் வந்தவை அல்ல. சில வேலைகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பவை. மூல காரணத்தைத் தொடாமல் மேலே உள்ளதை மட்டும் சரிசெய்தால் பணம் வீண். சில, "இறக்கியதுதான் இறக்கினோம், கையோடு அதையும் பார்த்துவிடுவோம்" என்று சேர்பவை. அவற்றில் கூலி மிச்சம் உண்டு, அவசரம் கிடையாது. இன்னும் சில, வண்டியின் மேல் இருக்கும் ஆசையால் வருபவை. மூன்றும் ஒரே சீட்டில், ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதப்பட்டு உங்கள் கைக்கு வருகின்றன. அவற்றைப் பிரித்துப் படிப்பது வண்டிக்காரரின் பொறுப்பு, மெக்கானிக்குடையது அல்ல. உங்கள் கிளட்சை வைத்தே சொல்கிறேன். இதைவிடத் தெளிவான உதாரணம் இந்த வண்டியில் கிடையாது.

உங்கள் வண்டியில் இருப்பது 1489 சிசி பி சீரிஸ் என்ஜின். பிரிட்டனின் பிஎம்சி நிறுவனம் உருவாக்கியது. அம்பாசிடரின் மூல வடிவமான மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வழியாக அம்பாசிடருக்கு வந்து பல பத்தாண்டுகள் இங்கே ஓடியது. இன்றைய என்ஜின்களில், பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்முனையை ஒட்டி ரப்பர் ஆயில் சீல் ஒன்று இருக்கும். இந்த என்ஜினில் அது கிடையாது. ஷாஃப்டிலேயே திருகுவரி வெட்டியிருப்பார்கள். ஷாஃப்ட் சுழலும்போது அந்த வரி, வெளியேறப் பார்க்கும் ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளும். என்ஜின் ஓடும் வரைதான் இந்தத் தடுப்பு வேலை செய்யும், நின்றுவிட்டால் அங்கே தடுக்க எதுவும் இல்லை. அதனால் மேட்டில் முகப்பு மேல்நோக்கி இருக்கும்படி நிறுத்தினாலோ, அளவுக்கு மேல் ஆயில் ஊற்றினாலோ சில சொட்டுகள் கீழே விழும். அது கோளாறு அல்ல, அந்த அமைப்பின் இயல்பு. இதை அறியாமல் சொட்டே விழக்கூடாது என்று பிடிவாதம் பிடித்து நல்ல என்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு.

கோளாறு எப்போது தொடங்குகிறது என்றால், திருகுவரிக்கும் அதைச் சுற்றியுள்ள கூட்டுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய இடைவெளி மாறும்போதுதான். கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பேரிங்குகள் தேயத் தேய கிராங்க் தன் மையத்திலிருந்து விலகுகிறது. இடைவெளி ஒரு பக்கம் அகன்றுவிடுகிறது. சொட்டாக இருந்தது ஒழுக்காகிறது. அந்த ஆயில், கிராங்கின் பின்முனையில் பூட்டிய கனமான சக்கரமான ஃப்ளைவீல் வழியாக கிளட்ச் பிளேட்டின் லைனிங்கில் ஏறினால், கிளம்பும்போது அது ஒரே சீராகப் பிடிக்காமல் விட்டு விட்டுப் பிடிக்கும். நீங்கள் உணர்ந்த உதறல் அதனால் இருக்கலாம். இந்த நிலையில் புதுப் பிளேட் மட்டும் போட்டு மூடினால், அதுவும் நனைந்து சில மாதங்களில் அதே உதறல் திரும்பும். உங்கள் மெக்கானிக் என்ஜினை இறக்கச் சொல்வதன் தர்க்கம் இதுதான். தர்க்கம் சரி. ஆனால் அது உங்கள் வண்டிக்குப் பொருந்துகிறதா என்பதை அவர் இன்னும் காட்டவில்லை.

ஏனென்றால் கிளட்சுக்கு ஆயில் வர வேறு வழிகளும் உண்டு, அவற்றில் பல மலிவானவை. முதலில் பார்க்க வேண்டியது என்ஜின் மூச்சுவிடும் குழாய், அதாவது பிரீதர். பிஸ்டன் ரிங் தாண்டிக் கீழே வரும் வாயு இதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அது கரிபிடித்து அடைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் ஏறி, இருக்கும் இடைவெளிகள் வழியாக ஆயிலை வெளியே தள்ளும். சீல் இல்லாத பின்முனையை விட எளிதான வழி அதற்கு ஏது? பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்ததும் ஒழுக்கு பெருமளவு நின்றுபோன பி சீரிஸ் என்ஜின்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்து, ராக்கர் மூடியின் கேஸ்கட்டும், பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் டேப்பெட் மூடிகளின் கேஸ்கட்டும். அங்கே கசியும் ஆயில் என்ஜினின் முதுகு வழியாக வழிந்து, பார்ப்பவருக்குப் பின்முனை ஒழுக்கு போலவே தோன்றும். கியர்பாக்ஸின் முன்பக்கத்திலிருந்தும் ஆயில் வரலாம். கிளட்ச் கூட்டின் அடியில் உள்ள சிறிய வடிகால் துளை மண்ணால் அடைபட்டிருந்தால், வழக்கமாக வெளியே சொட்டிப் போகிற ஆயில் உள்ளேயே தேங்கும்.

அதனால்தான் துடைப்பதற்கு முன் பார்க்க வேண்டும். ஆயில் தடம் எங்கே தொடங்குகிறது? ஃப்ளைவீலின் பின்னால் என்ஜின் பக்கத்திலா, கியர்பாக்ஸின் முன் ஷாஃப்டைச் சுற்றியா, மேலிருந்து வழிந்த கோடா? கழற்றிய வேகத்தில் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிவிட்டால் இந்தச் சாட்சி அழிந்துபோகும். உங்கள் பட்டறையில் இன்னும் கழுவவில்லை என்றால் இன்றே கைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

உதறலுக்கு ஆயில்தான் காரணம் என்பதும் முடிவான உண்மை அல்ல. என்ஜினையும் கியர்பாக்ஸையும் தாங்கும் ரப்பர் மவுண்டிங்குகள் ஆயிலில் ஊறி மெத்தென்று ஆகிவிட்டால், கிளட்ச் பிடிக்கும் அந்த நொடியில் என்ஜின் முழுவதும் அசைந்து இதே உதறலைத் தரும். விலையும் வேலையும் மிகக் குறைவு. முதலில் கழியவேண்டிய சந்தேகம் அது.

மெயின் பேரிங் உண்மையிலேயே போய்விட்டதா என்பதற்குச் சோதனைகள் உண்டு. வண்டி ஓடும் நிலையில் இருந்திருந்தால், என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு ஆயில் அழுத்தத்தை ஒரு கேஜ் போட்டு அளந்திருக்கலாம். ஓட்டத்தில் 50 பிஎஸ்ஐ அளவிலும் ஐட்லிங்கில் 15 பிஎஸ்ஐ அளவிலும் நின்றால் அந்த என்ஜினின் அடிப்பகுதியைத் தொட வேண்டிய அவசரம் இல்லை. இறக்குவதற்கு முன் இதை அளந்தாரா என்று கேளுங்கள். அளக்கவில்லை என்றாலும் வழி இருக்கிறது. கியர்பாக்ஸ் இறங்கியிருப்பதால் ஃப்ளைவீல் கைக்கு எட்டும். அதைப் பிடித்து மேலும் கீழும் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கைக்கே ஆட்டம் தெரிந்தால் பேரிங் முடிந்துவிட்டது, விவாதம் வேண்டாம். பிறகு ஃப்ளைவீலை முன்னும் பின்னும் நெம்பி டயல் கேஜில் அசைவைப் பாருங்கள். புதிய நிலையில் அது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கண்ணுக்கே தெரிகிற அளவு நகர்ந்தால், கிராங்க் முன்பின் நகராமல் தடுக்க நடு மெயின் பேரிங்கில் இருக்கும் த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்திருக்கின்றன. கிளட்ச் பெடலின் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கம் இந்த வாஷர்களைத்தான் முதலில் தின்னும்.

இந்தச் சோதனைகளில் ஒன்றிலாவது தேய்மானம் தெரிந்தால் என்ஜினை இறக்குங்கள். தயங்க வேண்டாம். ஆனால் அப்போதும் "ஃபுல் ஓவர்ஹால்" என்ற ஒற்றைச் சொல்லுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலில் அளவு, பிறகு முடிவு. கிராங்கின் ஜர்னல்களை, அதாவது பேரிங்குக்குள் சுழலும் பகுதிகளை, லேத் பட்டறையில் மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். இதற்கு முன் யாரேனும் அரைத்திருக்கிறார்களா, அரைத்துக் குறைத்தது பத்து சைஸா, இருபது சைஸா (அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, இருபது பங்கு) என்பது அப்போதுதான் தெரியும். அளக்காமல் பேரிங் செட் வாங்கி வந்து பொருந்தாமல் திரும்பிப்போன கதை எல்லாப் பட்டறைகளிலும் உண்டு. சிலிண்டர் போரின் மூல அளவு 73.025 மில்லிமீட்டர். மேல்பகுதியில் விளிம்பு தட்டும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் போரிங் போட்டுப் பெரிய சைஸ் பிஸ்டன் போட வேண்டும். தேய்மானம் குறைவாக இருந்து, புகையும் இல்லை என்றால் புது ரிங் போதும். சில சமயம் அதுவும் தேவைப்படாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. என்ஜினின் மேல்பாகமான ஹெட்டை மட்டும் கழற்றி வால்வு அரைத்துப் பூட்டினால், மேல்பக்கம் நன்றாக அடைபட்டு அமுக்கம் கூடும். அதுவரை தளர்ந்த அமுக்கத்தோடு ஒத்துப்போய் ஓடிக்கொண்டிருந்த பழைய ரிங்குகளால் அதைத் தாங்க முடியாது. வண்டி இழுவை கூடியதாகத் தோன்றும், கூடவே ஆயில் புகையும் தொடங்கும். பழைய வண்டியில் வேலை வளர்வதன் அடிப்படைக் காரணம் இதில் முழுமையாகத் தெரிகிறது. அந்த வண்டியின் பாகங்கள் 40 ஆண்டுகள் சேர்ந்தே தேய்ந்தவை, ஒன்றின் தளர்ச்சிக்கு ஏற்ப மற்றதும் தளர்ந்தவை. அதில் ஒன்றை மட்டும் புதிதாக்கினால், சுமை அடுத்த பலவீனமான இடத்துக்குப் போகிறது. ரேடியேட்டர் மூடி புதிதாகப் போட்டதும் பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்று விட்டுக்கொள்வதும் இப்படித்தான். துருவே இத்தனை நாள் ஓட்டையை அடைத்திருந்த கோர் பிளக் (என்ஜின் பிளாக்கின் தண்ணீர் வழித் துளையை மூடும் தகர மூடி), தண்ணீர் வழியைச் சுத்தம் செய்ததும் ஒழுகத் தொடங்குவதும் இப்படித்தான். இதில் மெக்கானிக்கின் சூதும் இல்லை, உங்கள் துரதிர்ஷ்டமும் இல்லை.

ஹெட் எப்படியும் கையில் வந்தால், வால்வு சீட்டைப் பற்றி ஒரு கேள்வி எழும். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியோடு நின்றது. வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே கடைந்த சீட்டுகளுக்கு அந்த ஈயம் ஒரு மெத்தைபோல் உதவிவந்தது. அது இல்லாமல் நீண்ட தூரம் வேகமாக ஓட்டினால் வெளியேற்று வால்வு சீட்டுக்குள் அமிழும். டேப்பெட் இடைவெளி அடிக்கடி குறைந்துபோகிறது என்றால் அதுதான் அடையாளம். அப்படி இருந்தால் கடினமான சீட் வளையங்கள் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மெதுவாக ஓட்டும் வண்டி, இடைவெளியும் நிலையாக நிற்கிறது என்றால், சும்மா இருக்கும் ஹெட்டைக் கடைய வேண்டாம்.

இனி "இறக்கியதுதான் இறக்கினோம்" வகை. இதில் தாராளமாக இருக்கலாம், ஆனால் எல்லை தெளிவாக இருக்க வேண்டும். கியர்பாக்ஸ் இறங்கினால் மட்டுமே கை எட்டும் பாகங்கள் எவையோ அவற்றை மாற்றுங்கள்: பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸ் மவுண்டிங். ஃப்ளைவீல் முகத்தில் நீலம் பாய்ந்த தீய்ச்சல் தெரிந்தால் லேத்தில் ஒரு லேசான கடைசல். கழற்றி வைத்திருக்கும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் (அதன் முனையில் உள்ள சிலுவை வடிவ இணைப்பு) ஆடினால் அதுவும். இவற்றின் விலை, மறுபடி ஒருமுறை கியர்பாக்ஸ் இறக்கும் கூலியோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஆனால் கியர்பாக்ஸ் கீழே கிடக்கிறது என்பதற்காக, சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்த கியர்களைப் பிரிப்பது கூடாது. இறக்கியதால் எட்டுவது வேறு, இறக்கியதால் பிரிப்பது வேறு.

பிரேக் பைப் எப்படி இந்தக் கதைக்குள் வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு நட்டு வழுக்கியிருக்கும் என்று ஊகிக்கிறேன். இந்த வண்டியின் நட்டு போல்ட்டுகள் அங்குல அளவைச் சேர்ந்தவை. அரை அங்குல நட்டின் உண்மையான அளவு 12.7 மில்லிமீட்டர். அதில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் போகும், பிடிக்கவும் செய்யும், ஆனால் துருப்பிடித்த நட்டாக இருந்தால் மூலைகளை உருட்டிவிடும். உருண்ட நட்டைக் கழற்ற உளி, உளி பட்டதால் பைப் முறுக்கு, பைப் போனதால் அடுத்த இணைப்பு என்று அரைமணி நேர வேலை இரண்டு நாளாகிறது. அங்குல ஸ்பேனர் செட் ஒன்று வாங்கி வண்டியிலேயே வையுங்கள், பட்டறைக்கு விடும்போது அதோடு விடுங்கள். துருவேறிய நட்டுக்கு முந்தின நாளே ஊடுருவும் எண்ணெய் போட்டு ஊறவிடச் சொல்லுங்கள். வளரும் வேலைகளில் பாதியை இந்த ஒரு பொறுமை தடுக்கும்.

ஆனால் பிரேக் திறந்துவிட்டது. திறந்த பிறகு அதில் சிக்கனம் கூடாது என்பது என் உறுதியான கருத்து. காரணம் இயந்திரத்தில்தான் இருக்கிறது. ஒரு பைப் மாற்றினாலும் பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். காற்று எடுக்கும்போது பெடலை அடிமட்டம் வரை மிதிப்பார்கள். அன்றாட ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் அவ்வளவு தூரம் போவதே இல்லை. அது போகாத அந்தக் கடைசிப் பகுதியில் துரு உட்கார்ந்திருக்கும். பழைய ரப்பர் கப் அதன்மேல் ஏறி இறங்கியதும் கிழியும். அன்று நன்றாக இருப்பதுபோல் தெரிந்து, சில நாள் கழித்துப் பெடல் தானாகக் கீழே இறங்கத் தொடங்கும். ஆகவே மாஸ்டர் சிலிண்டர், நான்கு சக்கரத்தின் வீல் சிலிண்டர்கள், ஹோஸ்கள் அனைத்தையும் ஒரே முறையில் பார்த்துவிடுங்கள். சிலிண்டரின் உட்சுவரில் விரல் நகத்துக்குக் குழி தட்டுப்பட்டால் புது ரப்பர் போட்டுப் பயனில்லை, சிலிண்டரையே மாற்ற வேண்டும். ரப்பர் பாகங்களைப் பெட்ரோலிலோ என்ஜின் ஆயிலிலோ கழுவ விடாதீர்கள், அவை உப்பிவிடும். பிரேக் ஆயிலிலேயே கழுவ வேண்டும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். டிரம்மைத் திறந்து காற்றுக் குழாயால் தூசியை ஊதும் வழக்கத்தை அந்தப் பட்டறையில் நிறுத்தச் சொல்லுங்கள். ஈரத் துணியால் துடைத்தெடுப்பது அங்கே வேலை செய்யும் பையன்களின் நுரையீரலுக்கு நல்லது.

தரைத் தகரத்துக்கு வருகிறேன். காலடித் தகரம் தானாகத் துருப்பிடிப்பதில்லை. மேலே முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் வெடித்து, மழைநீர் உள்வழியாக இறங்கி, பாயின் அடியில் தேங்கியிருக்கும். கீழே மட்டும் தகரம் ஒட்டினால் அடுத்த மழைக்காலத்திலேயே திரும்பும். அம்பாசிடருக்கு லாரிபோல் தனிச் சேசிஸ் கிடையாது. உடலே சட்டம். அதோடு முன்சக்கரங்களைத் தாங்கும் டார்ஷன் பார்கள் தரையின் அடியில்தான் பின்னோக்கிப் போய் ஒரு குறுக்குச் சட்டத்தில் பிணைக்கப்பட்டிருக்கின்றன. துரு தகரத்தோடு நின்றுவிட்டதா, அந்தச் சட்டத்துக்குப் போய்விட்டதா என்பதைச் சுத்தியலால் தட்டியும் கூரிய கம்பியால் குத்தியும் பார்க்க வேண்டும். தகரத்தோடு நின்றிருந்தால், வேலையை அடுத்த கோடைக்குத் தள்ளலாம். பீடிங்கை மட்டும் இப்போது மாற்றிவிடுங்கள். சட்டத்துக்குப் போயிருந்தால் வண்டியை ஓட்டவே கூடாது. டிங்கரிங் செய்பவர் துருவின் மேலேயே தகரம் வைத்து, பட்டி பூசி, கறுப்பு அடித்துத் தந்தால் அது வேலையே அல்ல. நல்ல இரும்பு வரும் வரை வெட்டி எடுத்துத்தான் பற்றவைக்க வேண்டும். வெட்டும் முன் கதவுகளை மூடி, கதவின் இடைவெளிகளை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் உடல் தொய்ந்து, பிறகு கதவு பூட்டாது.

வண்டி பிரிந்து கிடக்கும் காலம் கூடக் கூட வேலையும் கூடும் என்பதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. நிற்கும் வண்டியில் பேட்டரி சல்ஃபேட் பிடிக்கும், வீல் சிலிண்டர்கள் இறுகும். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், டேங்க் உள்ளே துரு கிளம்பும், பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரமும் உப்பிக் கரையும். பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை என்று கார்புரேட்டரைக் கழற்றினால் உள்ளே செம்மண் நிறத் துகள். அதைச் சுத்தம் செய்தால் மறுநாளும் அதே துகள், ஏனென்றால் மூலம் டேங்கில் இருக்கிறது. உங்கள் வண்டி நிற்கும்போதே டேங்கைக் காலி செய்து, எத்தனாலுக்குத் தாங்கும் ஹோஸ்களை மாற்றிவிடச் சொல்லுங்கள். பட்டியலில் இல்லாத இந்த ஒன்றை மட்டும் நானே சேர்க்கிறேன்.

இசுஸு என்ஜின் யோசனை மூன்றாவது வகை. 1990களில் வந்த 1800 ஐஎஸ்இசட் மாடலில் இருந்த அந்த 1.8 லிட்டர் என்ஜினும் ஐந்து கியரும் அருமையானவை, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் வண்டியில் அது ஒரு மாற்றத்தோடு முடியாது. மவுண்டிங் இடம் மாறும், புரொப்பல்லர் ஷாஃப்ட் நீளம் மாறும், ரேடியேட்டர், சைலன்சர், ஒயரிங் எல்லாம் தொடரும். கூடிய வேகத்துக்குப் பழைய டிரம் பிரேக் போதாது என்று முன்னால் டிஸ்க் கேட்கும். வளர்வதற்கென்றே பிறந்த வேலை அது. சட்டமும் இருக்கிறது. என்ஜின் மாற்றம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்குள் வரும். பதிவு அதிகாரியின் அனுமதி பெற்று ஆர்சியில் ஏற்ற வேண்டும். 15 ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க ஆர்டிஓ முன் நிறுத்தும்போது என்ஜின் எண் பொருந்தாவிட்டால் அலைச்சல் உங்களுக்குத்தான். இன்னொன்றும் உண்டு. 2021இல் வந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்த வண்டியை விண்டேஜ் என்று பதிய, அது மூல வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், உடல், என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. உங்கள் வண்டிக்கு அந்த வயது 2036இல் வருகிறது. அப்பாவின் நினைவாக வைத்துக்கொள்ளும் வண்டி என்றால் அந்த 1489 சிசி என்ஜினையே காப்பாற்றுங்கள். அது பிரித்துப் பூட்டுவதற்கென்றே கட்டப்பட்ட என்ஜின், இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

பாகங்களுக்குப் பயப்பட வேண்டாம். அம்பாசிடர் தயாரான உத்தரபாரா ஆலை 2014இல் நின்றுபோனாலும், பல லட்சம் வண்டிகள் ஓடிய மாடல் என்பதால் சென்னைப் புதுப்பேட்டையிலும் கொல்கத்தா மல்லிக் பஜாரிலும் இன்னும் கிடைக்கிறது. ரப்பர் பாகங்கள் மட்டும் பழைய இருப்பில் வாங்கக் கூடாது, பெட்டிக்குள் இருந்தாலும் அவற்றுக்கு வயதாகும். புதிதாக வரும் சில பாகங்கள் அளவில் சற்றுப் பிசகும். ஆகவே வண்டி ஓடி ஒரு வாரம் ஆகும் வரை பழைய பாகம் எதையும் எடைக்குப் போடாதீர்கள்.

மெக்கானிக்கிடம் மொத்தத் தொகை கேட்டு நெருக்கினால் அவர் பயந்து கூட்டிச் சொல்வார், அல்லது குறைத்துச் சொல்லிப் பிறகு ஏற்றுவார். திறக்காத இடத்துக்கு நேர்மையான விலை யாராலும் சொல்ல முடியாது. அதற்குப் பதில் கட்டம் கட்டமாகப் பேசுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிக் கூலி, கட்டம் முடிந்ததும் நீங்கள் நேரில் பார்த்த பிறகே அடுத்தது. அவர் ஒரு வேலையைச் சேர்க்கச் சொன்னால், "இதைச் செய்யாவிட்டால் இப்போது செய்த எது கெடும்?" என்று கேளுங்கள். ஒரு பாகத்தின் பெயர் பதிலாக வந்தால் அது முதல் வகை, செய்தே ஆக வேண்டும். "மறுபடி இறக்க வேண்டி வரும்" என்றால் இரண்டாவது வகை, விலை பார்த்து முடிவெடுக்கலாம். "நன்றாக இருக்கும்" என்றால் வண்டி ஓடத் தொடங்கிய பிறகு பேசிக்கொள்ளலாம். ஒரு சமயத்தில் ஒரு பகுதிக்கு மேல் பிரிக்கவும் விடாதீர்கள். என்ஜின், பிரேக், உடல் மூன்றும் ஒரே நேரத்தில் பிரிந்து கிடந்த வண்டிகளில் பல மறுபடி பூட்டப்படவே இல்லை.

உங்கள் வண்டிக்கு நான் சொல்லும் வரிசை இது. நாளை பட்டறைக்குப் போய் ஆயில் தடத்தையும், ஃப்ளைவீல் ஆட்டத்தையும், பிரீதரையும், மவுண்டிங் ரப்பர்களையும் நேரில் பாருங்கள். ஆட்டம் இல்லை என்றால் பிரீதர், கேஸ்கட்டுகள், வடிகால் துளை, கிளட்ச் செட், மவுண்டிங் ஆகியவற்றோடு கியர்பாக்ஸை ஏற்றச் சொல்லுங்கள். என்ஜின் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பிறகு பிரேக் முழுவதும். குறுக்குச் சட்டம் உறுதி என்றால் தகரம் அடுத்த கோடைக்கு. ஃப்ளைவீல் ஆடுகிறது என்றால் என்ஜினை இறக்கி, கிராங்கை அளந்த சீட்டோடு மறுபடி எழுதுங்கள். ஜர்னல் அளவுகளையும் போர் அளவுகளையும் பார்த்து எந்த சைஸ் பேரிங், பிஸ்டன் வேண்டுமா வேண்டாமா என்று சொல்கிறேன். அதுவரை பேரிங் செட் எதற்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.